மேல் செட்டும் மேனேஜரும்

நாய் ஓடவில்லை, எரிச்சலே அதுதான். ஓடினால் துரத்தலாம், துரத்தினால் கூப்பாடு போடலாம், கூப்பாடு போட வாயில் பல் வேண்டும், பல் நாயின் வாயில் இருந்தது. சென்னியப்பன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு நின்றார். இட்லி தின்ற பிறகு பல் செட்டைக் கழற்றி, மேல் ஒன்று கீழ் ஒன்று என்று கல்லின் மேல் வைத்துவிட்டு, குழாயைத் திறக்கக் குனிந்திருந்தார், அவ்வளவுதான்; நிமிர்ந்தபோது கீழ் செட் மட்டும் இருந்தது. மேல் செட் கேட்டுக்குப் பக்கத்தில், பழுப்பு நிற மூஞ்சியின் முன்னால், ஈறும் பல்லுமாகத் துருத்திக்கொண்டிருந்தது. நாய் மனிதப் பல்லால் இளித்தது. இளித்தபடி வாலையும் ஆட்டியது. பல் டாக்டர் கண்ணாடியைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்ட நாளில் சென்னியப்பனுக்குத் தன் முகம் யாரோ சட்டசபை உறுப்பினரின் முகம் மாதிரி தெரிந்தது. இப்போது பார்த்தால் அந்த வரிசை, அந்த வெளுப்பு, எதற்கும் சம்மதம் என்கிற அந்தச் சிரிப்பு எல்லாமே நாய்க்குத்தான் பொருந்துகிறது. எடுப்பதில் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜோடியில் ஒன்றைத்தான் எடுக்கும். செருப்பு என்றால் ஒரு கால், காலுறை என்றால் ஒன்று, மருமகளின் கம்மலில் ஒன்று. கடிக்காது, கிழிக்காது, கொண்டுபோய் எங்கோ பதுக்கும், பதுக்கிய இடத்தை மறந்தும் போகும். மகன் ஓசூருக்கு வேலை மாற்றலாகிப் போவதற்கு முன்னால் யாரோ கொடுத்தார்கள் என்று அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நாய். மகன் போய்விட்டான், நாய் இருக்கிறது. மருமகள் சுகந்தி வைத்த பெயர் ஜிம்மி. அவர் வைத்த பெயர் மேனேஜர். வேலை செய்யாமல் தின்பது, கேட்காமல் எடுப்பது, எடுத்ததை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் பதுக்குவது, வாசலில் யார் நின்றாலும் குரைத்துத் தன் இருப்பைத் தெரியப்படுத்துவது. ஒரு வாழ்நாள் முழுக்க ஆலை வாசல்களில் நின்று அவர் கண்ட நிர்வாகத்தின் லட்சணங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. நாய் வளர்ப்பது உபரியைத் தின்று கொழுத்தவன் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் துண்டறிக்கையே எழுதியிருக்கிறார். அந்தத் துண்டறிக்கையின் ஒரு பிரதியாவது எங்காவது இருக்குமா, இருந்தால் அதையும் இதுதான் எடுத்திருக்கும்.

கீழ் செட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேல் இல்லாமல் கீழ் எதற்கும் உதவாது, பேச்சுவார்த்தைக்கு ஒரு தரப்பு மட்டும் வந்து உட்கார்ந்த மாதிரி. மத்தியானம் ஆட்டோ வரும். பம்ப் கம்பெனி ஃபவுண்டரி வாசலில் கூட்டம், முதல் ஷிஃப்ட் வெளியே வந்து இரண்டாம் ஷிஃப்ட் உள்ளே போகிற நேரத்துக்கு. உலைக்குப் பக்கத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் கேட்டவர்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்திலிருந்து அந்தப் பெண் இலக்கியா முந்தாநாள் வீட்டுக்கே வந்து, ஐயா நீங்க கட்டாயம் வரணுமுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு. வரவேண்டிய தலைவருக்குக் காய்ச்சல் என்பதையும் அவளே சொன்னாள், மறைக்கத் தெரியாத பெண். மாற்று ஆள். இருக்கட்டும். மாற்று ஆளாகப் போய் நின்றவன்தான் எத்தனையோ வாசல்களில் கடைசிவரை நின்றிருக்கிறான். அடுப்படி ஜன்னல் திறந்தது. வாயை மூடிக்கொண்டார், மூடியபோது மூக்கும் மோவாயும் கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது, துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல வைத்துக்கொண்டார். "மாமா, மத்தியானத்துக்கு ரசம் போதுமுங்களா? பேசப் போற நாளு, தொண்டைக்கு எதமா இருக்கட்டும்னு மொளகு தட்டிப் போட்டிருக்கேன்." தலையை ஆட்டினார். "சாதத்தக் கொழைய விட்டுர்றேன். இன்னைக்கு உங்க பல்லுக்கு வேற வேலை இருக்குதில்ல." மறுபடியும் ஆட்டினார். "ஏனுங் மாமா, வாயத் தொறக்க மாட்டீங்கறீங்க? கோவமா? டேய் ஜிம்மி, தாத்தாவ என்னடா பண்ணித் தொலைச்சே?" நாய் அதற்குள் கேட்டின் இடுக்கு வழியாகப் பாதி வெளியே போயிருந்தது, பல் தெருப்பக்கம், வால் வீட்டுப்பக்கம். சொல்லிவிடலாம். அவள் வந்தால் ஒரு ரொட்டித் துண்டைக் காட்டியே வாங்கிவிடுவாள். ஆனால் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் தும்மியபோது செட் நழுவி இலையில் விழுந்தது, பாயசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவில். பக்கத்து இலையில் இருந்த சுகந்தி சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை விழுந்தால் சிரிப்பார்களே அது. அதுதான் தாங்கவில்லை. போலீஸ் அடித்திருக்கிறது, அடியாட்கள் அடித்திருக்கிறார்கள், முன்பல் இரண்டு அப்படிப் போனவைதான், அதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். மீதிப் பல் எல்லாம் யாரும் அடிக்காமல் தானாகவே போனது. அதை எந்த மேடையில் சொல்வது. ஈறு தெரிய ஒருவர் முன்னாலும் வாயைத் திறந்ததில்லை, மனைவி ருக்குமணியைத் தவிர, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்துவிட்டுக் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார்.

நாயைப் பின்தொடர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பின்தொடர்கிறோம் என்று அதற்குத் தெரிந்தால் பதுக்கும் இடத்துக்குப் போகவே போகாது, தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வாயில் பொருளோடு வீட்டுக்கே திரும்பும், பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எவன் வந்தாலும் உறுமும். ஆகவே பின்தொடராதவன்போலப் பின்தொடர வேண்டும். இந்த வித்தையில் அவர் மறுபக்கம். தலைமறைவாவதற்கு முந்தின வருஷம் சாதா உடையில் ஒரு போலீஸ்காரன் அவர் பின்னாலேயே திரிந்தான், மெலிந்த ஆள், எப்போதும் சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்; ஒரே போஸ்டரை எத்தனை நேரம்தான் ஒருவன் பார்ப்பான். சென்னியப்பன் சலூனுக்குள் நுழைந்து பின்வழியாகப் போவார், பஸ்ஸில் ஏறி அது நகரும்போது இறங்குவார், டீக்கடையில் இரண்டு டீ சொல்லி ஒன்றை அந்த ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போவார். இப்போது நாய் மின்கம்பத்தின் அருகே நின்றது, முகர்ந்தது, ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தது. அவர் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மூட்டுவலித் தைல விளம்பரத்தைப் படித்தார். நாய் நடந்தது, அவரும் நடந்தார். அது மாவு மில்லுக்குள் நுழைந்து கோணி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தது, சந்து வழியாக வெளியே வந்தது. அட, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது. நன்றாகச் செய்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் போலீஸ்காரன் பெயர்கூடத் தெரியாது, அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தோடு, ஒரு போஸ்டரில் இருந்து இன்னொரு போஸ்டருக்கு. பாவம் என்று நினைக்கத் தோன்றியது, நினைக்கவில்லை. முதல் வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. அதுதான் முக்கியம், பல் அப்புறம். ஆலை வாசல் கூட்டம் மேடைக்கூட்டம் இல்லை. மேடைக்கூட்டத்துக்கு வருகிறவன் கேட்க வருகிறான், கடலை வாங்கிக்கொண்டு உட்காருகிறான். ஆலை வாசலில் வருகிறவன் வீட்டுக்குப் போகிறவன், பசியோடு போகிறவன், சைரன் ஊதியதும் அவன் கால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். அந்தக் காலை நிறுத்த வேண்டும். முதல் வாக்கியம் அதற்குத்தான், அதற்கு மட்டும்தான். தோழர்களே என்று ஆரம்பித்தவன் தோற்றான், அந்த ஒரு சொல் முடிவதற்குள் முன்வரிசை கடந்து போய்விடும். ஒரு தடவை ஒரு நூற்பாலை வாசலில், உன் டிபன் கேரியர் மேலடுக்கைத் தின்றவன் யார் என்று ஆரம்பித்தார். நூறு கேரியர் ஒரே நேரத்தில் ஆடாமல் நின்றது, அந்தச் சத்தம் நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ருக்குமணி கூட்டத்தின் கடைசியில் பூவரச மரத்தடியில் நின்று கேட்பாள். வீட்டுக்கு வந்து, இன்னிக்கு ரெண்டாவது வரிலதான் நின்னாங்க, மொத வரி போச்சு என்பாள், சோற்றைப் போட்டுக்கொண்டே. தண்ணீர். தண்ணீரைப் பற்றி என்ன சொல்லிக் காலை நிறுத்துவது. உன் எச்சிலை நீயே எத்தனை தடவை முழுங்குவாய். அசிங்கம். உலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் உனக்கு ஊற்ற மாட்டேன் என்கிறான். இது இரண்டு வாக்கியம், இரண்டாவதைக் கேட்க எவனும் இருக்க மாட்டான். உள்ளே போகும்போது ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போ. இது பரவாயில்லை, இதில் ஏதோ இருக்கிறது. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார், துண்டுக்குப் பின்னால், காற்றுதான் வந்தது, கடைசிச் சொல் ஈறில் வழுக்கி உமிழ்நீராகப் போனது. இரண்டு நாளாகத் தேடுகிறார். முன்பெல்லாம் சைக்கிளில் ஏறி ஆலைக்குப் போய்ச் சேருவதற்குள் வந்து நிற்கும்.

"என்னங் சென்னியப்பன், காத்தாலையே நாயும் நீங்களுமா ஊர்வலமுங்களா?" ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் வரதராஜுலு, கேட்டுக்கு உள்ளே, கையில் தண்ணீர் ட்யூப், குரோட்டன்ஸ் செடிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார். நாய் அவர் வீட்டு மதிலோரம் போய் உட்கார்ந்துகொண்டது, வேண்டுமென்றே, முதுகைக் காட்டி. நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததில் இருந்தே இவருக்கு வருத்தம். தெருவில் நின்று மேனேஜர், கீழ போடு, மேனேஜர், அசிங்கம் பண்ணாதே என்று கத்தினால் எந்த மேனேஜருக்குத்தான் வருத்தம் வராது. ஒரு தடவை நேரிலேயே கேட்டார், சென்னியப்பன் அன்றைக்குக் கொடுத்த பதிலுக்குப் பிறகு கேட்கவில்லை. இன்றைக்கு நின்றால் பேச்சு, நடந்தால் நாய் உஷார் ஆகிவிடும். நின்றார். "உங்க மேனேஜர் எஞ்செருப்புல ஒண்ணத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. ரெண்டையும் எடுத்தாலாவது புதுசு வாங்கிக்கலாம், ஒத்தச் செருப்ப வச்சுட்டு நான் என்னங்க பண்றது? தூக்கிப் போடவும் மனசு வர மாட்டீங்குது." சென்னியப்பன் தலையை ஆட்டினார். வரதராஜுலு கொஞ்ச நேரம் காத்திருந்தார், வழக்கமாக இந்த இடத்தில் சொத்து, தனியுடைமை, ஒற்றைச் செருப்புகூட இல்லாதவன் என்று ஏதாவது வரும். வரவில்லை. ட்யூபை வேறு செடிக்குத் திருப்பினார், முகத்தில் ஒரு தெளிவு வந்தது, எதிராளி வராத வழக்கில் கிடைக்கும் தெளிவு. "மௌன விரதமுங்களா? நல்லதுதானுங்க. வயசானா அதுதான் சரி. உங்க மருமக சொல்லுச்சு, இன்னைக்கு எங்கியோ பேசப் போறீங்கன்னு. அடேங்கப்பா, அப்பெல்லாம் உங்க குரலு! நான் அப்ப மில் ரோட்டு பிராஞ்சுல கிளார்க். சாப்பாட்டு நேரத்துல வெளிய வந்தா நீங்க பேசிட்டிருப்பீங்க. மைக்கு கெட்டுப் போனாக்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குமுங்க. நின்னு கேட்டுட்டு லேட்டாப் போயி பிராஞ்சு ஏஜெண்ட்டுகிட்டத் திட்டு வாங்கியிருக்கறேன்." சென்னியப்பனுக்குத் துண்டை எடுத்துவிடலாம் போல இருந்தது. இந்த ஆள், வட்டிக்காரன் மாதிரி செடிக்குத் தண்ணீர் அளந்து ஊற்றுகிற இந்த ஆள், ரோட்டோரம் நின்று கேட்டவன். எந்தக் கூட்டம், போனஸ் போராட்டமா, கதவடைப்பா? புருவத்தை உயர்த்திக் கேட்டார். வரதராஜுலுவுக்குப் புரிந்தது. "என்ன பேசுனீங்கன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் ஞாபகமில்லீங்க. ஒரு வார்த்தைகூட. ஆனா குரல் ஞாபகம் இருக்குதுங்க, நல்லா, இப்பக்கூடக் காதுல இருக்குது." என்று சொல்லிவிட்டு, நல்லது சொன்ன திருப்தியோடு ட்யூபை மடக்கினார். ஒரு வார்த்தைகூட. எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று ராத்திரியெல்லாம் உரசி உரசிப் பார்த்து எடுத்துக்கொண்டு போன பேச்சு. இவன் வங்கிக்காரன், இவன் காதில் அது தங்காது, தொழிலாளி காதில் தங்கியிருக்கும். தங்கியிருக்குமா. பூளவாடியிலிருந்து வந்த ராமலிங்கம், பத்து வருஷம் கூட வந்தவன், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணா நீங்க பேசுவீங்களே, அப்பா, என்றுதான் சொன்னான், அவனும் எதைப் பேசுவீர்கள் என்று சொல்லவில்லை. நாய் எழுந்து நடந்தது.

தெருக்கோடியில் பாதி கட்டி நிற்கிற வீடு. கொத்தனார்கள் வரவில்லை, சென்ட்ரிங் பலகைகள் சாத்தியிருந்தன, வாசலில் மணல் குவியல், பக்கத்தில் ஹாலோ பிளாக் அடுக்கு. நாய் நின்று தெருவைப் பார்த்தது. சென்னியப்பன் பலகை மறைவில் ஒதுங்கினார், மூச்சு வாங்கியது, பலகையில் சிமெண்டு வாசனையும் பழைய மழையின் வாசனையும் இருந்தது. நாய் மணல்மேல் ஏறி மேல் செட்டைக் கீழே வைத்தது, மெதுவாக, பலகாரத் தட்டை வைக்கிற மாதிரி, பிறகு முன்னங்கால்களால் தோண்டியது, மூக்கால் தள்ளி உள்ளே விட்டது, மூக்காலேயே மூடியது. முடிந்தது. நாலு எட்டு வைத்தால் போய் எடுத்துவிடலாம். குழாயில் கழுவலாம், வீட்டுக்குப் போய் ரசம் குடிக்கலாம், ஆட்டோவில் ஏறலாம். கால் எடுத்து வைக்கவில்லை. ஏன் என்று பார்த்தார், பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல. பலகை மறைவிலேயே கிடந்த ஒரு ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்தார். கடைசியாகப் பேசியது ராமலிங்கத்தின் இரங்கல் கூட்டத்தில். நன்றாகத்தான் ஆரம்பித்தார், நடுவில் ஒரு வாக்கியத்துக்குள் போனார், வெளியே வரும் வழி தெரியவில்லை. தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார், அதே வாக்கியத்துக்குள்ளேயே போனார். முன்வரிசையில் ஒரு பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் நிமிர்ந்து பார்த்தான், மறுபடி குனிந்துகொண்டான். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். பேச்சை முடித்து வைக்கிற கைதட்டல், அவருக்குத் தெரியாதா, எத்தனை பேருக்கு அவரே தட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இயக்கம் கெட்டுப்போய்விட்டது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார், சங்கம் இப்போது ஒப்பந்தம் போடுகிறவர்களின் சங்கம், புத்தகம் படிக்கிறவன் இல்லை, சுவரில் எழுதுகிறவன் இல்லை. உண்மைதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த உண்மைக்குப் பின்னால் நின்றுகொள்ள நிழலாகவும் இருந்தது. இன்றைக்கு வாசலில் அந்தக் கால்களை நிறுத்தவில்லை என்றால், அவர்கள் பாட்டுக்குக் கேரியரை ஆட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனால், அந்தப் பெண் இலக்கியா கைதட்டித் தொடங்கி வைப்பாள், மரியாதை தெரிந்த பெண். அதைவிட இது மேல், நாய் எடுத்துவிட்டது. யார் என்ன சொல்ல முடியும். வயதாகிவிட்டது என்று இல்லை, மறந்துவிட்டது என்று இல்லை, நாய் எடுத்துவிட்டது. சிரிப்பார்கள், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நெஞ்சுக்குள் இரண்டு நாளாகப் பிடித்திருந்த ஏதோ ஒன்று இளகியது. இதற்குப் பெயர் நிம்மதி என்றால் அது இவ்வளவு மட்டமான பொருளா. நாய் மணலிலிருந்து இறங்கி அவரைக் கண்டுபிடித்தது, ஒளிந்திருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாமல் வந்து அவர் காலில் சாய்ந்து உட்கார்ந்தது, மூக்கு நுனியில் மணல். கையை அதன் தலைமேல் வைத்தார், சூடாக இருந்தது. நல்ல வேலை செய்தாய் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, சொன்னாலும் காற்றுதான். வெயில் நகர்ந்து பலகையைத் தாண்டி அவர் முழங்காலுக்கு வந்தது. சுகந்தி ஒரு தடவை தெருமுனையில் வந்து நின்று, மாமா, என்று கூப்பிட்டாள், பலகை மறைவில் அவரைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போ. இல்லை. அதுவும் இல்லை. எதுவும் வேண்டியதில்லை இனிமேல் என்று நினைத்தபோதும் மூளை பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து கீழே போட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டோ அவர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்திருக்க வேண்டும், இலக்கியா பாதி உடம்பை வெளியே நீட்டித் தெருவைத் துழாவிக்கொண்டே வந்தாள், மடியில் சுருட்டிய கொடி. "ஐயா! இங்க உக்காந்திருக்கறீங்களா? அக்கா தேடிட்டிருக்குது. வாங்கய்யா, நேரமாச்சுங்க." அவர் எழுந்திருக்கவில்லை. துண்டை எடுத்தார். வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினார், அகலமாக, டாக்டரிடம் காட்டுவதுபோல, மேலும் கீழும். பிறகு நாயைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஆட்டோக்காரர் பெரியவர், ஸ்டியரிங்மேல் சாய்ந்துகொண்டு, "எங்கூட்டு நாயி கோமணத்தத்தான் எடுக்கும், இது மேலிடத்துலயே கைய வெச்சிருச்சு" என்றார். இலக்கியா சிரிப்பை விழுங்கினாள், பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், நிஜமான அன்போடுதான். "அட, இதுக்கா மொகத்த இப்பிடி வெச்சிருக்கறீங்க? பரவால்லீங்கய்யா. டெம்போ மேல ஒரு சேர் போட்டிருக்கறோம், நீங்க வந்து உக்காந்தாப் போதும். பேசறதுக்கு நாங்க இருக்கறோம். உங்களப் பாத்தாலே அவங்களுக்குப் போதுமுங்க. நீங்க பேச வேணும்னே இல்லீங்கய்யா." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் இல்லை அதில். ஆறுதலுக்குச் சொன்னதும் இல்லை, முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. முந்தாநாள் அவள் வரணும் என்றாள். பேசணும் என்று சொன்னாளா. சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் கூட்டத்துக்கு வா என்றால் பேச வா என்றுதான் அர்த்தம், பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்த மேடை ஒன்றுகூட இல்லை, அதனால் கேட்கத் தோன்றவில்லை. டெம்போ மேல் ஒரு சேர். ஒரு துண்டு போடுவார்கள். யாராவது போட்டோ எடுப்பார்கள். மாலை போட்ட படத்தைக் கொண்டுபோய்ச் சேரில் சாய்த்து வைத்தாலும் அதே வேலையைச் செய்யும், படம் என்றால் ஆட்டோவில் இடமும் மிச்சம். இரண்டு நாளாக முதல் வாக்கியம் தேடினார், அதைக் கேட்க ஒருவரும் அவரை அழைக்கவே இல்லை. இப்போது கோபம் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, வயிற்றிலிருந்து, பழைய ஆள் ஒருவர் படியேறி வருகிற மாதிரி நின்று நின்று.

அவள் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணல் குவியலுக்குப் போய் மண்டி போட்டு உட்கார்ந்தார், மூட்டு சத்தம் போட்டது, வேட்டி போனால் போகட்டும், இரண்டு கையாலும் தோண்டினார். நாய் ஒரு நிமிஷம் நம்ப முடியாமல் பார்த்தது. பிறகு குதித்து வந்து அவருக்குப் பக்கத்திலேயே தோண்டியது, அவர் தோண்டிய பள்ளத்தைத் தன் பின்கால் மணலால் நிரப்பிக்கொண்டு, இப்படி ஒரு நாளுக்காகத்தான் இதுவரை பதுக்கினேன் என்கிற உற்சாகத்தோடு. ஒரு கரண்டி வந்தது. பிறகு யாருடைய செருப்போ ஒன்று வந்தது, பார்க்காமல் பின்னால் எறிந்தார். நாய் மணலை அவர் முகத்தில் அடித்தது. "போடா அந்தப் பக்கம்!" என்று கத்தினார், அது வாயிலிருந்து வெறும் முரட்டுச் சத்தமாக வந்தது, எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். "ஐயா, சைரன் ஊதிருவாங்க. நாம போனாத்தாங்க மைக்கே கட்டுவாங்க." அவர் திரும்பி அவளிடம் ஒன்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. "என்னங்கய்யா?" மண்டி போட்டபடியே நிமிர்ந்தார், நாக்கை ஈறில் அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக, எச்சில் மோவாயில் வழிய, ஈறு முழுக்க அவளுக்குத் தெரிய, மறுபடியும் கேட்டார். எத்தனை நிமிஷம். இந்தத் தடவை ஆட்டோக்காரருக்கே புரிந்தது, அவர் சிரிப்பதை நிறுத்தினார். இலக்கியா கொடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஐயா, சைரன் ஊதறதுக்கும் பஸ் கெளம்பறதுக்கும் நடுவுல கெடைக்கறதே கொஞ்சந்தாங்க. வேணும்னா, நான் பேசறதக் கொறச்சுக்கறேன், உங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம்." சென்னியப்பன் இரண்டு கையையும் மணலிலிருந்து உருவி மேலே தூக்கினார், பத்து விரலும் விரிய, விரல்களின் நடுவில் மணல் சரிந்து இறங்கியது. அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், நாயின் பின்புறம் மட்டும் தெரிகிற பள்ளத்தைப் பார்த்தாள்.

"ஏழு" என்றாள்.

அவர் கையை இறக்கவில்லை.